ஆயிரத்துக்கு முப்பத்தைந்து

பகலில் எனக்கு உப்பு ஒரு தீர்ப்பு.
குவார்ட்டர் பாட்டிலில் போர்த்தண்ணீர் கொண்டுவருவார்கள்,
லேபிள் பாதி சுரண்டியும் பாதி சுரண்டாமலும்.
மீட்டரின் முனையைத் தோய்த்து
எண் ஓடி நிற்கும்வரை
அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.
திருத்துறைப்பூண்டியில் பதினோரு வருடம்
இதற்குத்தான் சம்பளம்.

ராத்திரியில் அதே உப்பைக் காசு கொடுத்து வாங்கிக்
கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம்.
முத்துப்பேட்டை சிராஜுதீன் ஒட்டிக்கொடுத்தான்.
சிலிக்கான் காய ஏழு நாள், தொடாதீங்க என்றான்.
தொட்டேன்.
தரையைத் தட்டிப்பார்த்த கொத்தனார் அந்தோணிசாமிக்கு
லிட்டர் கணக்கெல்லாம் வேண்டாம்.
"நெல்லுன்னா எத்தன மூட்டை?"
அறுபது கிலோ மூட்டை, பதினெட்டு.
"ஒரே எடத்துலயா?"
வீட்டுக்கு அடியில் களிமண்,
கோடையில் வாய் பிளக்கும், அடைமழையில் ஊதும்.
ஹால் மூலையைப் பெயர்த்துக்
கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்,
கிணற்றுக்கு உறை இறக்குகிற முகத்தோடு.

குணசீலன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"வேதாரண்யம் இந்தா இருக்கு.
மலையாக் குவிஞ்சு கெடக்கு உப்பு.
வாளி பத்தாயிரத்துக்கு இது என்ன உப்பு?"
கால்சியம், மக்னீசியம் என்று ஆரம்பித்தேன்.
வாளியைத் தூக்கிப் பார்த்தான்,
விலைக்கேற்ற கனம் இல்லாதது போல வைத்தான்.

வடிகட்டி மூன்று நாள் சொட்டியது.
ஒரு குடம் நல்ல நீருக்கு மூன்று குடம் கழிவு.
கழிவை வாழைக்குத் திருப்பினோம்;
இலையோரம் கருகத் தொடங்கியதும்
சாக்கடைக்கு.

பிறகு ஐந்து வாரம் ஒன்றுமில்லை.
கல், தண்ணீர், நீல விளக்கு.
அக்கம்பக்கத்தார் வந்து மீனெங்கே என்று கேட்டுக்
காபி குடித்துப் போனார்கள்.
அம்மோனியா ஏறி இறங்கியது,
நைட்ரைட் ஏறி, இறங்க மறுத்து, இறங்கியது.
கண்ணாடியெல்லாம் பழுப்புப் படர்ந்து
நானே துணி போட்டு மூடிவைத்தேன் ஒரு ஞாயிறு.
தஞ்சாவூர்க்காரர் தொட்டியிலிருந்து வந்த கல்லில்
நான் வாங்காத ஒரு புழு
பொத்தலிலிருந்து மயிர்க்கால்களோடு தலைநீட்டி
டார்ச் பட்டதும் உள்ளே போனது.
அன்றைக்குத்தான் குணசீலன்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான்.

கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில்
மடியில் தெர்மக்கோல் பெட்டி:
பண்ணையில் பொரித்த கோமாளிமீன் இரண்டு,
யாரோ தொட்டியில் பெருக்கிய
மென்பவளத் துண்டு நான்கு, கட்டைவிரல் அளவு.
சித்திரையில் ஏசி வாங்கினோம், தொட்டிக்கு.
அதன் தயவில் ஹாலில் படுத்தோம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஊருக்கே கரண்ட் இல்லை.
மூன்று மணிக்கு இன்வெர்ட்டரும் செத்தது.
மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்,
மொண்டு, ஊற்றி, மொண்டு,
காற்று கலக்கட்டும் என்று.
வெளியே வாய்க்கால் கரை தாண்டும் சத்தம்.
விடிந்ததும் தோள் மரத்துப்போய்
குணசீலன் இரண்டு மீனை
மூன்று தரம் எண்ணினான்.

தை மாதம், விடுமுறை நாளில்
பாட்டிலோடு வீட்டுக்கே வந்தார் பக்கிரிசாமி.
அவர் போரில் ஆயிரத்துக்கு மூன்றரை.
போன வருடமே சொல்லியிருந்தேன்.
இப்போது துண்டு நான்கு
கல் முழுக்கப் படர்ந்திருந்தது;
விரித்து, மூடி, விரித்துக்கொண்டு.
"இதுல எவ்வளவு?"
முப்பத்தஞ்சு என்றேன்.
பத்து மடங்கு என்று அவர் உதடு கணக்குப் போட்டது.
"இதுலயா இப்புடிப் பூக்குது?"
கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றார்.
"இந்த வெதை எங்க கெடைக்கும்மா?"

பூவில்லை, மிருகம் என்று சொல்ல வாயெடுத்து
மூடியைத் திறந்து
அன்றாடம் ஊற்றும் நாலு லிட்டர் நல்ல தண்ணீரை
மெல்ல ஊற்றினேன்.
எதுக்கு நல்லதண்ணி என்றார்.
"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தாங்க.
உப்பு போகாது."

"அது தெரியுமே" என்றார் பக்கிரிசாமி.